இருநூற்றுப் பன்னிரண்டாம் தட்டு

நான் தயாரித்த பட்டியலால் ஒரு சாவு வீட்டில் கல்யாணப் பாட்டு ஒலித்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. மலாக்காவில் காஜா பெராங் சாலையில் இருந்த ஒரு தமிழர் சங்கத்தில் தட்டச்சராக வேலை பார்த்தேன். சங்கம் ஒரு கடைவீட்டில் நடந்தது. மேலே வாசிப்பறை. கீழே, என் மேசைக்குப் பின்னால், சுவரை அடைத்துக்கொண்டு இசைத்தட்டு அலமாரி.

அந்தக் காலத்தில் வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு எதுவானாலும் கிராமபோனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தட்டுகளைச் சங்கத்தில் இரவல் வாங்கிப் போவார்கள். எல்லாம் அரக்கில் செய்த கனமான தட்டுகள். கை தவறினால் பீங்கான் மாதிரி உடையும்.

அவற்றைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். நாற்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. ஜப்பான் சண்டை முடிந்து சங்கத்தை மறுபடி திறந்தபோது தன்னுடைய சொந்தத் தட்டுகளைக் கொண்டுவந்து அலமாரியின் முதல் இரண்டு வரிசையை நிரப்பியவர் அவர்தான். வந்தவை எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த நோட்டை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. "காதுகுத்துக்குப் பத்துப் பிளேட்டு வேணும்ணே" என்று யாராவது வந்து நின்றால் போதும். அலமாரிக்கு முன் போய், உறையின் நிறத்தையும் கிழிசலையும் பார்த்தே பத்தையும் உருவிவிடுவார். எந்தத் தட்டில் எந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. அவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார், எதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்பவர். "நூலகம்னா யார் வந்தாலும் எடுக்கத் தெரியணும்மா. ஒருத்தர் தலைக்குள்ள இருக்குறது நூலகம் இல்ல" என்பார். சுதந்திரக் கொண்டாட்டம் நெருங்கினால் ஊரெல்லாம் தட்டு கேட்டு வருவார்கள், அதற்குள் புதுப் பட்டியல் வேண்டும் என்று கமிட்டியில் முடிவாயிற்று. சிறு இழுப்பறைகள் வைத்த ஓர் இரும்புப் பெட்டி வாங்கினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை. அட்டையில் பாட்டின் முதல் வரி, வகை, எண். அதே எண்ணை உறையிலும் ஒட்டவேண்டும். அட்டையைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, தட்டை எடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

நோட்டைப் பார்த்து அட்டைகளை அடித்து முடிக்க எனக்கு ஒரு மாதமானது. உடைந்த தட்டுகளை அண்ணன் சிவப்பு மையால் கோடிட்டு அடித்திருந்தார். அவற்றை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் வரிசையாகப் புது எண் கொடுத்தேன். மொத்தம் ஐந்நூற்று நாற்பது.

எண் ஒட்டுகிற வேலை மட்டும் மிச்சமிருந்தபோது அண்ணன் குடலிறக்கத்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். போகிற அன்று வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றார்.

"தங்கச்சி, அவசரப்படாத. ஒவ்வொண்ணா வெளிய எடுத்து, என்ன பாட்டுன்னு பாத்துட்டு ஒட்டு. இல்ல, நான் வர்ற வரைக்கும் விட்டு வை."

"சரிண்ணே" என்றேன்.

ஆனால் நான் அப்படிச் செய்யவில்லை. தட்டுகள் நோட்டில் இருந்த வரிசையிலேயே அலமாரியில் நின்றன. ஆரம்பத்தில் பத்து, இருபது எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. செயலாளர் வேறு தினமும் பள்ளி விட்டதும் வந்து "முடிஞ்சதா, முடிஞ்சதா" என்று கேட்டார். அதற்குப் பிறகு உறைகளை வெளியே இழுக்காமலே, ஒரு கையில் பசையும் ஒரு கையில் எண் சீட்டுமாக ஒட்டிக்கொண்டே போனேன். முடித்தபோது கையில் ஒரு சீட்டு மிஞ்சியது. ஐந்நூற்று நாற்பது என்று எழுதிய சீட்டு. எங்கோ ஓர் எண்ணை இரண்டு தடவை எழுதியிருப்பேன் என்று நினைத்து அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அந்தச் சீட்டை இன்று நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

புதுப் பட்டியல் வந்த மூன்றாம் நாள் ஒரு கோப்பிக்கடைக்காரர் தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். நகைச்சுவைப் பாட்டு கேட்டு வாங்கிப் போனவர். "என்னம்மா, சிரிப்புப் பாட்டுன்னு குடுத்துட்டு முருகன் பாட்டா இருக்கு?" என்றார். அட்டையைப் பார்த்தேன், உறையைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே எண். அவர்தான் எண்ணை மாற்றிச் சொல்லியிருப்பார் என்று எனக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்டு வேறொன்று கொடுத்தேன். அதன் பிறகு அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அதற்கு மறுநாள் சங்கத்துக்குப் பின்புறத்துக் கம்போங் குடியிருப்பில் ஒரு சாவு. அங்கே இருந்தவர்கள் மலாக்காச் செட்டிகள். பல தலைமுறைக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். கோயிலும் பூசையும் விபூதியும் நம்முடையதுதான். பேச்சு மட்டும் மலாய். தமிழில் சில உறவுச் சொற்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இறந்தவர் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் மனைவியை எனக்குப் பழக்கம். பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்தால் நின்று பேசுவாள். எனக்கு மூத்தவள் என்பதால் அவர்கள் வழக்கப்படியே தாச்சி என்று கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம்.

தாச்சியின் தம்பி காலையில் சங்கத்துக்கு வந்தார். மலாயில்தான் பேசினார். "அத்தானுக்குத் தமிழ்ப் பாட்டு பிடிக்கும். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் ரேடியோவில் வந்தால் எழுந்து போகமாட்டார். சாவுக்குப் பொருத்தமான சாமிப் பாட்டாகக் கொடுங்கள்" என்றார்.

புதுப் பெட்டியில் 'இரங்கல்' என்று நானே தலைப்பிட்டு அடித்த அட்டைகள் இருந்தன. எட்டை எடுத்தேன். எண்களைப் பார்த்து எட்டுத் தட்டுகளை உருவிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அண்ணன் இல்லாமலே நூலகம் நடக்கிறது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாலையில் என் வீட்டுக்காரரோடு துக்கம் கேட்கப் போனேன். வாசலில் பந்தல். கூடத்தில் உடல். பெண்கள் கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் அணிந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் பெண்டஹாரா சாலை ஜவுளிக்கடைக்காரர்கள், கோயில்காரர்கள், செயலாளர் எல்லோரும் இருந்தார்கள். ஓரத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சீன முதலாளி, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம், கிராமபோன் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. உறையில் இருந்த எண்ணைப் பார்த்து, நான் எழுதிக் கொடுத்த வரிசைப்படி போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நான்கு தட்டுகளும் சரியாகத்தான் ஒலித்தன. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடித் தலையசைத்துக் கேட்டார். ஐந்தாவது தட்டைத் தவுக்கே வைத்தார்.

அது ஊஞ்சல் பாட்டு. மணமக்களை ஊஞ்சலில் உட்கார வைத்துப் பெண்கள் சுற்றி நின்று பாடுவது. மெதுவான பாட்டு. ஒரு பெண் குரல், பின்னால் ஒரு பிடில். பொன் ஊஞ்சலைப் பற்றியும் மாப்பிள்ளையின் தோளைப் பற்றியும் பெண்ணின் நாணத்தைப் பற்றியும் அந்தக் குரல் பாடியது. குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. யாரோ ஒருவர் தன்னை மீறிச் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓட்டமும் நடையுமாகத் தவுக்கேயிடம் போனேன்.

"தவுக்கே, இது தப்பான பாட்டு!"

அவர் உறையை எடுத்து நீட்டினார். நான் கொடுத்த வரிசைச் சீட்டையும் நீட்டினார். "நம்பர் பெத்துல் லா" என்றார். எண் சரியாகத்தான் இருந்தது. முந்நூற்று எண்பத்தேழு. என் கையெழுத்துதான்.

ஊசியைத் தூக்கக் கையை நீட்டினேன். அப்போது கூடத்திலிருந்து தாச்சியின் குரல் கேட்டது.

"ஜாங்கான் தூத்துப்!"

நிறுத்தாதே என்கிறாள். தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் அழவே இல்லை என்று வாசலில் பெண்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது கண்ணீர் வழிந்து கெபாயாவின் முன்புறமெல்லாம் நனைந்திருந்தது. அந்தக் குரலையும் பிடிலையும் கேட்டு, தன் துக்கத்துக்காகவே யாரோ பாடியது என்று எண்ணிவிட்டாள். சுற்றி இருந்த அவளுடைய மனிதர்களும் அழுதார்கள். தமிழ் தெரிந்த நாங்கள் மட்டும் பந்தலில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். பாட்டு கடைசி வரை ஓடியது. மிச்சமிருந்த மூன்று தட்டுகளையும் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். தவுக்கேயிடம் முதல் நான்கையே திரும்பப் போடச் சொன்னேன்.

மறுநாள் காலை செயலாளர் பள்ளிக்குப் போகும் முன்பே சங்கத்துக்கு வந்தார்.

"என்னம்மா இது? ஊரே பேசுது. பேசாம இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு பழைய நோட்டுக்கே போயிடலாமா?"

"ரெண்டு நாள் குடுங்க சார். தப்பு எங்கன்னு பாத்துடறேன்" என்றேன்.

அவர் போன பிறகு கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு அலமாரியின் முன் உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் முந்நூற்று எண்பத்தேழை எடுத்தேன். அட்டையில் ஒரு இரங்கல் பாட்டு. தட்டில் ஊஞ்சல் பாட்டு. பழைய நோட்டில் ஊஞ்சல் பாட்டு எங்கே என்று தேடினேன். இரங்கல் பாட்டுக்கு அடுத்த வரியிலேயே இருந்தது. கோப்பிக்கடைக்காரர் திருப்பித் தந்ததை எடுத்தேன். அங்கும் அப்படியே. நோட்டில் சிரிப்புப் பாட்டுக்கு அடுத்த வரி முருகன் பாட்டு.

ஒன்று மட்டும் விளங்கியது. தட்டுகள் கலைந்துபோகவில்லை. ஒவ்வொன்றும் ஓர் இடம் நகர்ந்து நின்றது.

ஆனால் சாவு வீட்டில் முதல் நான்கு சரியாக இருந்தனவே. அந்த நான்கின் எண்களையும் பார்த்தேன். எல்லாம் இருநூறுக்குள். அப்படியானால் எங்கோ நடுவில்தான் பிசகு தொடங்குகிறது. நடுவாக இருநூற்று எழுபதை எடுத்தேன். நகர்ந்திருந்தது. நூற்று முப்பத்தைந்து, சரி. இருநூறு, சரி. இருநூற்று இருபது, நகர்ந்திருந்தது. சில தட்டுகளில் நடுவில் ஒட்டிய காகிதத்தைப் பூச்சி தின்றிருந்தது. அவற்றைச் சங்கத்தின் கிராமபோனில் வைத்து, இரண்டு வரி கேட்டு, நோட்டோடு ஒப்பிடவேண்டியிருந்தது. ஓர் ஊர்வலப் பாட்டின் பாதியில் தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் இடம் பிடிபட்டது. இருநூற்றுப் பதினொன்று வரை எல்லாம் சரி. இருநூற்றுப் பன்னிரண்டு என்று நான் சீட்டு ஒட்டிய தட்டு நோட்டின்படி இருநூற்றுப் பதின்மூன்றாவது. பன்னிரண்டாவது தட்டு அலமாரியிலேயே இல்லை. நோட்டில் அண்ணனின் கையெழுத்தில் அதன் முதல் வரி இருந்தது. துள்ளலான ஒரு காவடிப் பாட்டு. சிவப்பு மை இல்லை. உடைந்ததாகக் குறிப்பு இல்லை. யாரிடமோ இரவலில் இருப்பதாகவும் இல்லை.

கசக்கிப் போட்ட சீட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்நூற்று நாற்பது அட்டைக்கு ஐந்நூற்று முப்பத்தொன்பது தட்டு. அலமாரி என்னிடம் சொல்லத்தான் செய்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. கோப்பிக்கடைக்காரர் மறுபடியும் சொன்னார். அப்போதும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனுக்கு அறுவை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொண்டுபோன கஞ்சியைக் கொடுத்தேன். சாவு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். எப்படித் தேடினேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், காவடிப் பாட்டு என்றதும் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டார்.

"அது எங்கிட்டதான் இருக்கு தங்கச்சி."

"வீட்டுலயாண்ணே?"

"டிரங்குப் பெட்டியில. அடியில."

பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க் குடும்பம் ரம்புத்தான் உரித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"ஜப்பான்காரன் காலத்துல நான் அலோர் காஜா பக்கம் தோட்டத்துல இருந்தேன். நானும் என் தம்பியும். தோட்டத்துலயே எங்கிட்டதான் கிராமபோன் இருந்துச்சு. ஒருநாள் கங்காணி வந்து, அரிசியும் துணியும் குடுக்கப் போறாங்க, எல்லாரையும் திடலுக்கு வரச் சொல்லணும், நீ பெட்டியைக் கொண்டாந்து பாட்டுப் போடுன்னாரு. போட்டேன்."

அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. வேறு யாரைப் பற்றியோ சொல்வது மாதிரி சொன்னார்.

"தம்பிக்குச் சந்தேகம். சயாமுல ரயில் பாதை போட ஆள் புடிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டிருந்தான். ரப்பர் காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டான். எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அவனுக்குப் புடிச்ச காவடிப் பாட்டை எடுத்துப் போட்டேன். அதைக் கேட்டுட்டு, அண்ணன்தானே போடுறாரு, பயமில்லன்னு வெளிய வந்துட்டான். அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள லாரி வந்திருச்சு."

"உங்களை?"

"பாட்டுப் போட ஆள் வேணும்ல. அடுத்த தோட்டத்துக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அங்க நான் ஊசி ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். அடிச்சாங்க. விட்டுட்டாங்க."

தம்பி திரும்பவில்லை. ரயில் பாதை போட்ட இடத்திலிருந்து வந்தவர்கள் இரண்டு பேரை அண்ணன் தேடிப் போய்க் கேட்டிருக்கிறார். ஒருவருக்குத் தம்பியைத் தெரியவே இல்லை. இன்னொருவர், காலரா முகாமில் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"சங்கத்துக்குக் குடுக்கும்போது எல்லாத்தையும்தான் குடுத்தேன். நோட்டுல எழுதினேன். ஒருநாள் கல்யாண வீட்டுக்காரங்க அதைக் கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன். அது திரும்பி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். நோட்டுல அடிக்கத்தான் கை வரல. அடிச்சா அவனை அடிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் தெரியுமே, அது அங்க இல்லைன்னு. வேற யாருக்குத் தெரியணும்னு இருந்துட்டேன்." கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "உன்கிட்டச் சொல்லியிருக்கணும்மா. தப்பு என்னோடது."

"இல்லண்ணே. நீங்க ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கச் சொன்னீங்க. நான் பாக்கல."

நான் கிளம்பும்போது, "அந்தம்மாவுக்குத் தெரியுமா, என்ன பாட்டு போட்டோம்னு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாதுண்ணே."

"யாராச்சும் சொல்லிடுவாங்க" என்றார்.

திங்கட்கிழமை செயலாளரிடம், ஒரு தட்டு அலமாரியில் இல்லாததைப் பார்க்காமல் சீட்டு ஒட்டிவிட்டேன், மிஞ்சிய சீட்டையும் தூக்கி எறிந்துவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். அது எங்கே என்று கேட்டார். அண்ணனிடம் இருக்கிறது, அது அவருடைய தட்டு, இனி இரவலுக்கு வராது என்றேன். ஏன் என்று கேட்டார். "அவர்கிட்ட கேட்டுக்குங்க சார்" என்றேன். அவர் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து என்னோடு தரையில் உட்கார்ந்தார். இருநூற்றுப் பதின்மூன்றாவதிலிருந்து கடைசி வரை முந்நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தோம். என் வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்து உதவினார். இந்தத் தடவை ஒவ்வொரு தட்டையும் வெளியே எடுத்தோம். ஒருவர் தட்டைப் படிக்க, ஒருவர் அட்டையைப் படிக்க, ஒருவர் ஒட்ட, வேலை நடந்தது. நான்கு நாள் மாலை அதற்கே போயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டின் இடத்தில் தட்டின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி உறையில் போட்டு, எண்ணை ஒட்டி நிறுத்தினேன். அதன் அட்டையில் 'இரவலுக்கு இல்லை' என்று அடித்தேன்.

கடைசிச் சீட்டு கடைசித் தட்டில் போய் நின்றது. கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தாச்சிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பலாம் என்றார் செயலாளர். நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். சொன்னேனே தவிர, கால் வரவில்லை. நாளை, நாளை என்று நான்கைந்து நாள் ஓடிவிட்டது. அதற்குள் அவளே சங்கத்துக்கு வந்துவிட்டாள். வெள்ளைக் கெபாயா, நகை எதுவும் இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். மலாயில் பேசினோம்.

"வியாழக்கிழமை பதினாறாம் நாள். பாட்டு வேண்டும்" என்றாள். "அன்றைக்குப் போட்டீர்களே, ஒரு பெண் மெதுவாகப் பாடுவாளே, அதுதான் முதலில் வேண்டும். அவளுக்கும் புருஷன் செத்திருப்பான் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அப்படிப் பாட வராது."

சொல்லாமல் விட்டுவிடலாம். தட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் ஆறுதலோடு போய்விடுவாள். ஆனால் பதினாறாம் நாளும் அதே பந்தலில் அதே ஆட்கள் வந்து உட்காருவார்கள். அவர்கள் நடுவில் அவள் மறுபடியும் அழுதுகொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

"தாச்சி, அது சாவுப் பாட்டு இல்லை. நான் தப்பான தட்டைக் கொடுத்துவிட்டேன்" என்றேன்.

"பின்னே என்ன பாட்டு?"

"கல்யாணத்தில் பாடுவது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஊஞ்சலில் உட்கார வைத்துப் பாடுவார்கள்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியுமா?"

"தமிழ் தெரிந்தவர்களுக்குத் தெரியும்."

"எல்லோருக்கும்?"

"எல்லோருக்கும்."

"நான் நிறுத்தாதே என்று கத்தினேன். அப்போது உனக்கும் தெரியும்."

"தெரியும் தாச்சி."

எழுந்துகொண்டாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் வீட்டில், என் புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் தெரியாமல் நீங்களெல்லாம் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வெயிலில் குடையை விரிக்காமலே நடந்து போனதைக் கதவோரம் நின்று பார்த்தேன். இனி அவள் என்னோடு பேசமாட்டாள் என்றே நினைத்தேன்.

புதன்கிழமை காலை திரும்பி வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"பாட்டு கொண்டு வா" என்றாள். "நீயும் வா. என் பக்கத்தில் உட்கார். ஒவ்வொரு பாட்டும் என்ன சொல்கிறது என்று எனக்கு மலாயில் சொல்லவேண்டும். தெரியாமல் இனி எதையும் நான் கேட்கமாட்டேன்."

அன்று முழுவதும் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். அட்டையை நம்பவில்லை. ஆறு தட்டுகளை இரண்டு பக்கமும் கடைசி வரை கேட்டேன். ஊஞ்சல் பாட்டை எடுக்கவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை கூடத்தில் பாயில் தாச்சியின் அருகே உட்கார்ந்தேன். அவள் தம்பி, தம்பி மனைவி, கணவரின் அக்காமார் எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். தவுக்கே ஒலியைக் குறைத்து வைத்தார். பாட்டு ஒவ்வொரு அடியாகப் போகப் போக நான் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். என் மலாய் பாசார் மலாய். மீன் வாங்கவும் பஸ் ஏறவும் போதும். தேவாரத்துக்கு எங்கே போதும்? பல இடங்களில் தடுமாறினேன். 'வினை' என்பதற்கு ஏதோ சொன்னேன், அது 'வேலை' என்று புரிந்து ஒரு கிழவர், செத்த பிறகும் வேலையா என்று கேட்டார். தாச்சிகூடச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். திருவடி சேர்வது என்று ஓர் அடி வந்தது. அடி என்றால் கால். காலில் போய்ச் சேருவது என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. நான் வேறு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது தாச்சி கேட்டாள்.

"பூலாங்?"

வீடு திரும்புவது என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாம் தாச்சி, கிட்டத்தட்ட அதுதான்" என்றேன். அவள் திரும்பி அந்த வார்த்தையை மற்றவர்களுக்குச் சொன்னாள். அன்று அவள் அழவில்லை. ஆறு தட்டும் முடியும் வரை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். சாப்பாடு முடிந்து நான் கிளம்பியபோது வாசல் வரை வந்தாள். பிரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தாள்.

அண்ணன் இரண்டு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அலமாரியில் இருநூற்றுப் பன்னிரண்டின் இடத்தில் நின்ற உறையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெறும் அட்டை. திரும்ப வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். யாராவது தட்டு கேட்டு வந்தால், முதலில் பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்து எடுக்கப் பழகிக்கொண்டார். அவருக்கு அது தேவையில்லை. எனக்காகச் செய்தார் என்று நினைக்கிறேன்.

சுதந்திர நாளில் திடலில் எங்கள் தட்டுகள் காலையிலிருந்து ஒலித்தன. ஒன்றும் பிசகவில்லை. கூட்டம் "மெர்டேக்கா" என்று கத்தியபோது நானும் கத்தினேன். பக்கத்தில் அண்ணன் அடுத்த தட்டின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மதிய வேளையில் ஆள் வராத நேரத்தில், முதல் எண்ணிலிருந்து தொடங்கி, தினமும் இரண்டு மூன்று தட்டுகளை இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, பாட்டு என்ன சொல்கிறது என்று அட்டையின் பின்புறம் இரண்டு வரி அடித்தேன். தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. மலாய் வரிக்குச் சொல் கிடைக்காதபோது ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்துக்கொண்டு பாசாருக்குப் போகும் வழியில் தாச்சியின் வீட்டில் நுழைவேன். சில நாள் சொல்லித் தருவாள். சில நாள் வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடுவாள். முழு அலமாரியையும் கேட்டு முடிக்க அடுத்த ஆண்டு தைப்பூசமும் கடந்துவிட்டது. அப்போது எனக்கு ஏழு மாதம். கடைசித் தட்டுகளை நின்றுகொண்டு மாற்ற முடியாமல், நாற்காலியைக் கிராமபோன் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.